டிசம்பர் 31 ராத்திரி எடுக்கக் கூடாத முடிவுகள்

வருஷக் கடைசி ராத்திரி ஆராதனை முடிந்து வெளியே வரும் ஒவ்வொரு குடும்பத்தின் கையிலும் புது வருஷத்துக்கான வேத வசனம் எழுதிய ஒரு வாக்குத்தத்த அட்டை இருக்கும். வீட்டுக்குப் போனதும் அது பீரோக் கண்ணாடியில் ஒட்டப்படும். ஜனவரி 2-ம் தேதி ஓசூர் சிப்காட்டில் ஷிப்டு, பெங்களூரில் சென்ட்ரிங் வேலை, பள்ளிக்கூடம், பால் கறப்பு என்று எல்லாம் பழையபடி ஓடத் தொடங்கிவிடும். இந்த வருஷம் வீட்டுக்கு என்ன செய்யப் போகிறோம் என்று கணவனும் மனைவியும் ஒரு மணி நேரம் தனியாக உட்கார்ந்து பேசியிருக்க மாட்டார்கள். ஜெபம் நடந்திருக்கும், உபவாசம்கூட நடந்திருக்கும். அந்தப் பேச்சு மட்டும் நடந்திருக்காது.

தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டத்துக் கிறிஸ்தவக் குடும்பங்களில் திரும்பத் திரும்பத் தென்படும் இந்த விஷயம் என்னை விடாமல் உறுத்துகிறது. "கர்த்தர் பார்த்துக்கொள்வார்" என்பது விசுவாசத்தின் வார்த்தைதான். ஆனால் பேச வேண்டிய பேச்சைத் தள்ளிப்போடவும் அதே வார்த்தை வசதியாக இருக்கிறது. லூக்கா 14:28-ல் கோபுரம் கட்ட நினைக்கிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்கிறான். நீதிமொழிகள் 16:9 நடைகளை உறுதிப்படுத்துவதைக் கர்த்தரிடம் விடுகிறது. வழியை யோசிக்கும் வேலையை மனுஷனிடமே வைத்திருக்கிறது. இந்த வசனங்களைக் கல்யாணப் பிரசங்கத்தில் கேட்டுவிட்டு அதோடு விட்டுவிடுகிறோம்.

சபைக்கும் இதில் பங்கு உண்டு, அதைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை. ஞாயிறு காலை ஆராதனை, மாலை வீட்டு ஜெபம், புதன் வேதபாடம், வெள்ளி உபவாச ஜெபம், சனி வாலிபர் கூட்டம் அல்லது பாடகர் பயிற்சி. கத்தோலிக்கப் பங்குகளில் அன்பியக் கூட்டம், மாதா சபை, திருவிழா என்றால் நவநாள். வாரம் பூராவும் வேலைக்குப் போகும் ஒரு தம்பதிக்கு மிச்சமிருக்கும் மாலை நேரத்தை எல்லாம் வாங்கிக்கொண்டு, குடும்ப ஞாயிறு அன்று "கணவன் மனைவி ஒருவரோடொருவர் பேசுங்கள்" என்று பிரசங்கம் செய்கிறோம். போதகரோ பங்குத்தந்தையோ வருஷத்தில் இரண்டு ஞாயிறு மதியத்தை எந்தக் கூட்டமும் இல்லாமல் விட்டு, "இது தம்பதிகளுக்கான நேரம், பிள்ளைகளைக் கோவில் ஹாலில் விடுங்கள், வாலிபப் பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள்" என்று அறிவித்தால் போதும். செலவு ஒரு பிஸ்கட் பாக்கெட்டும் கொஞ்சம் ஜூஸும்தான்.

எப்போது உட்காருவது

டிசம்பர் 31 எதற்குமே சரிப்படாத நாள். கிறிஸ்துமஸ் துணி, கேக், விருந்தாளி, காணிக்கை என்று கை காலியாகியிருக்கும். உடம்பு அசந்திருக்கும். ராத்திரி உணர்ச்சிவசத்தில் எடுக்கும் தீர்மானத்தில் தொகையும் இருக்காது, தேதியும் இருக்காது. அதைவிட முக்கியமான காரணம், நம் பக்கத்தில் பணம் ஜனவரியைப் பார்த்து வருவதில்லை. உட்காரும் நாளை வீட்டுக்குப் பணம் வரும் மாதத்தை வைத்துத்தான் குறிக்க வேண்டும்.

மாந்தோப்பு வைத்திருக்கும் வீட்டில் டிசம்பர், ஜனவரியில் பூ எடுக்கும். மே முதல் ஜூலை வரை காய் இறங்கும். கூழ் ஆலைக்குப் போன பெங்களூராக் காய்க்குப் பணம் கைக்கு வர இன்னும் நாளாகலாம். அப்படிப்பட்ட வீட்டுக்கு ஆகஸ்ட் நல்ல மாதம். இரண்டாவது உட்காரல், தோப்பைக் குத்தகைக்கு விடும் பேச்சு வருவதற்கு முன்னால். பூவைப் பார்த்ததும் வியாபாரி நீட்டும் முன்பணத்தைக் கணவன் தனியாக வாங்கிவிட்டால் அந்த வருஷத் திட்டம் அங்கேயே முடிந்துபோகும். பட்டுக்கூடு வீட்டில் வருஷத்துக்கு ஐந்தாறு பேட்ச் எடுக்கிறார்கள். ஒரு பேட்ச் கூடு மார்க்கெட்டுக்குப் போய், அடுத்த புழு வீட்டுக்குள் வருவதற்கு முன் கிடைக்கும் இடைவெளிதான் அவர்களுக்கு நேரம். புழு நாலாம் தூக்கம் எழுந்து இலை தின்னும் வாரத்தில் யாரையும் உட்காரச் சொல்லக் கூடாது. பாலக்கோடு, ராயக்கோட்டை பக்கம் தக்காளி போடுகிறவர்கள் நல்ல விலை கிடைத்த வாரத்தில் உட்காரக் கூடாது, மண்ணில் விழுந்த வாரத்திலும் கூடாது. சிப்காட் வீடுகளுக்கு தீபாவளி போனஸ் வருவதற்குப் பதினைந்து நாள் முன்பு. வந்த பிறகு உட்கார்ந்தால் பாதி செலவாகியிருக்கும். பெங்களூரில் வாரம் பூராவும் தங்கி, சனி ராத்திரி வந்து திங்கள் விடியலில் பஸ் ஏறும் வீடுகள்தான் கஷ்டமானவை. அவர்கள் ஒரு திங்கட்கிழமைக் கூலியை விட்டுக்கொடுத்தாக வேண்டும். ஒரு நாள் கூலி பெரிய விலைதான். பின்னால் வரும் கணக்கைப் பார்த்தால் அது லாபம் என்பது புரியும்.

இடம்? வீட்டில் வேண்டாம். மாமியார் காபி கேட்பார், பக்கத்து வீட்டுக்காரம்மா தயிர் கேட்பார், பிள்ளை அழும். ஒகேனக்கல், ஏற்காடு என்று போனால் அது சுற்றுலாவாகிவிடும், செலவும் வரும். கோவில் வளாகத்தில் பூட்டிக் கிடக்கும் ஞாயிறு பள்ளி அறையின் சாவியைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். கொல்லையில் மோட்டார் ரூம் இருந்தால் அதுவும் போதும். இரண்டரை மணி நேரம், அதற்கு மேல் வேண்டாம். சாப்பிட்டுவிட்டு உட்கார வேண்டும். பசியோடு உட்கார்ந்தால் கடன் பக்கம் வருவதற்குள் சண்டை வந்துவிடும். போன் இரண்டும் அணைந்திருக்க வேண்டும். எதிரெதிரே உட்காராமல் பக்கத்தில் பக்கத்தில், நோட்டு நடுவில்.

ஆரம்ப ஜெபத்தில்தான் பலர் வழுக்குகிறார்கள். "ஆண்டவரே, எங்கள் வீட்டில் வீண் செலவு குறையட்டும், அடக்கம் உண்டாகட்டும்" என்று கணவன் ஜெபித்தால் அது ஆண்டவரிடம் சொன்னது இல்லை, பக்கத்தில் இருப்பவளிடம் சொன்னது. மனைவி முறை வரும்போது "கெட்ட சிநேகிதத்திலிருந்து விடுதலை" வரும். பேச்சு தொடங்கும் முன்பே இரண்டு குற்றப்பத்திரிகை வாசித்தாயிற்று. அதனால் அன்றைக்குச் சொந்த ஜெபம் வேண்டாம். இருவரும் சேர்ந்து பரமண்டல ஜெபம் சொன்னால் போதும். அன்றாட அப்பமும் கடனும் மன்னிப்பும் அதிலேயே இருக்கின்றன.

மூன்று பக்கங்கள்

கொண்டுபோக வேண்டியவை: ஒரு நீட்டு நோட்டு, இரண்டு பேனா, ஒரு மஞ்சப்பை. பைக்குள் எல்லா பேங்க் பாஸ்புக்கும், நகைக் கடன் சீட்டும், மகளிர் குழு அட்டையும், வாரத் தவணை அட்டையும், எல்.ஐ.சி. ரசீதும், பள்ளி பீஸ் ரசீதும், சீட்டுக் கட்டும் நோட்டும், கோவில் காணிக்கை அட்டையும் இருக்க வேண்டும். "அது எனக்கு மனப்பாடம்" என்று எதையும் வீட்டில் விட்டுவிட்டு வரக் கூடாது. மனப்பாடமாக இருக்கும் தொகை எப்போதும் உண்மைத் தொகையைவிடச் சின்னதாகத்தான் இருக்கும்.

முதல் உட்காரலில் லட்சியம் எதுவும் பேசக் கூடாது. வீடு கட்டுவது, கார், மகளை டாக்டராக்குவது எல்லாம் அடுத்த முறைக்கு. இன்றைக்கு இருப்பது என்ன என்பது மட்டும். முதல் பக்கம் வரவு, ஜூன் முதல் மே வரை பன்னிரண்டு வரி. ஜூனில் தொடங்கச் சொல்வது பள்ளிக்கூடம் திறப்பதால்தான். ஒவ்வொரு மாதமும் உண்மையில் கையில் வருவதை எழுத வேண்டும். ஓவர்டைம் சேர்க்க வேண்டாம். அரசின் மகளிர் உரிமைத் தொகை 1,000 ரூபாய் வந்தால் அதற்கும் ஒரு வரி. 2023 ஜூலையில் அதற்கு விண்ணப்பம் வாங்கும் முகாமை முதல்வர் தொடங்கிவைத்ததே நம் தொப்பூரில்தான். ஆனாலும் பல வீடுகளில் அந்தத் தொகை கணக்கில் வராத பணமாகவே கரைகிறது. இரண்டாம் பக்கம் கடன்: யாரிடம், எவ்வளவு, என்ன வட்டி, எப்போது முடியும். மூன்றாம் பக்கம் வாக்குக் கொடுத்தவை: தசமபாகம் (வரவில் பத்தில் ஒன்று), கட்டட நிதிக்குச் சொன்ன தொகை, வேளாங்கண்ணிக்கு நேர்ந்தது, தங்கை மகள் சடங்குக்குச் செய்வதாகச் சொன்ன சீர், அம்மாவுக்கு மாதாமாதம் கொடுப்பது, நண்பனுக்குப் போட்ட ஜாமீன் கையெழுத்து.

முதல் இருபது நிமிஷம் யாரும் பேசக் கூடாது. இருவரும் தனித்தனித் தாளில் மூன்று பக்கத்தையும் அவரவருக்குத் தெரிந்தபடி எழுத வேண்டும். பிறகு தாளை மாற்றிக்கொள்ள வேண்டும். அவர் சொல்லச் சொல்ல இவள் எழுதினால் அது அவருடைய கணக்காக மட்டுமே இருக்கும்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். கணவன் ஒப்பந்தத் தொழிலாளி, கையில் 18,000. மனைவி தையல், 4,000. உரிமைத் தொகை 1,000. ஆக மாதம் 23,000. இரண்டு ஏக்கர் மாவில் செலவு போக வருஷத்துக்கு 60,000. மாதச் செலவு: மளிகை, காய், பால், மருந்து 10,500; பெட்ரோல், பஸ் 2,200; கேஸ், கரண்ட், போன் 1,800; மூணு வட்டிக்கு வாங்கிய ஒரு லட்சத்துக்கு 3,000; குழுக் கடன் வாரம் 850, மாதக் கணக்கில் சுமார் 3,680; தசமபாகம் 2,300; அம்மாவுக்கு 1,500. கூட்டினால் 24,980. மாதாமாதம் 2,000 ரூபாய்க்கு 20 குறைவாகத் துண்டு விழுகிறது. வருஷத்துக்கு ஏறக்குறைய 23,800. இதோடு இரண்டு பிள்ளைகளின் பள்ளிச் செலவு 36,000, கிறிஸ்துமஸும் திருவிழாவும் 12,000, மொய் 10,000. மொத்தம் 81,800 தேவை. மாம்பழப் பணத்தில் தசமபாகம் போக 54,000. குறை 27,800.

இந்தக் கணக்கைப் பார்த்தால் முதலில் எல்லோர் கையும் போவது தசமபாகத்துக்கோ அம்மாவின் 1,500-க்கோதான். இரண்டையும் தொடாமல் இன்னொரு வரியைப் பாருங்கள். மூணு வட்டி என்றால் நூற்றுக்கு மாதம் 3 ரூபாய், வருஷத்துக்கு 36. அந்த ஒரு லட்சத்துக்கு வருஷ வட்டி 36,000. அது மட்டும் இல்லாதிருந்தால் இந்த வீட்டில் 8,200 மிச்சம். நகையை வங்கியில் வைத்து அந்த லட்சத்தை அடைத்தால், நூற்றுக்கு 10 வட்டி என்று வைத்தாலும் வருஷத்துக்கு 10,000தான், 26,000 மிஞ்சும். வாரத் தவணை முடியும்போது "புதுசா எடுத்துக்கோங்க" என்று குழுவில் சொல்வார்கள். எடுக்காமல் விட்டால் வாரம் 850 என்று தவணைக்குப் போன 44,200 அடுத்த வருஷம் போகாது. நகையை மீட்க அதுதான் வழி. ஆக இந்த வீட்டின் முதல் லட்சியம் வீடோ வண்டியோ இல்லை, ஒரு குறிப்பிட்ட கடனை ஒரு குறிப்பிட்ட மாதத்தில் முடிப்பது. அதை ஜெபத்தில் வைக்கலாம், பெயரும் தொகையும் சொல்லி.

தாள் கை மாறும் நேரம்

எல்லாமே தாளை மாற்றிக்கொள்ளும் அந்த நிமிஷத்தில்தான் இருக்கிறது. பெரும்பாலான தம்பதிகளுக்கு வரவுப் பக்கம் ஏறக்குறைய ஒத்துப்போகும். கடன் பக்கத்தில் அவள் தாளில் மூன்று வரி, அவர் தாளில் ஐந்து வரி என்று இருக்கும்; அந்த ஐந்தில் இரண்டு அவள் கேள்விப்படாதவை. மறுபக்கமும் அப்படியே. "ஏங்க, ஒண்ணு சொல்லணும். குழுவுல இன்னொரு லோன் இருக்குது. எங்க அண்ணனுக்காக எடுத்தது" என்று ஒரு குரல் தாழும். அப்போது கணவன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: "எவ்ளோ பாக்கி?" "ஏன் சொல்லல" என்ற கேள்வி அன்றைக்கு வேண்டாம். அதைக் கேட்டால் மீதி இருக்கும் ஒன்று ஒருநாளும் வெளியே வராது. அவர் பக்கத்து ரகசியம் வரும்போது அவளுக்கும் இதே விதி.

கடனைவிட ஆழமாக வெட்டுவது மூன்றாம் பக்கம். கடன் மறைந்திருந்தால் கோபம் வரும். வாக்கு மறைந்திருந்தால் அவமானம் வரும். ஆராதனையில் கை தூக்கச் சொன்னபோது கட்டட நிதிக்கு 25,000 என்று ஒருவர் சொல்லிவிட்டு வருவார், வீட்டில் கேட்காமல். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்த ராத்திரி ஒருவர் நேர்ந்துகொள்வார், மற்றவருக்குத் தெரியாமல். சாமிக்குக் கொடுத்த வாக்கு என்பதால் அதைக் கேள்வி கேட்கவும் வாய் வராது. எங்கள் ஆலோசனை எளிமையானது. கொடுத்த வாக்கைக் குறைக்க வேண்டாம், காலத்தை நீட்டிக்கொள்ளலாம். பொருளாளரிடமோ பங்குத்தந்தையிடமோ இருவரும் சேர்ந்து போய் "மாசம் ஆயிரமா இருபத்தஞ்சு மாசத்துல குடுத்துடறோம்" என்று சொன்னால் யாரும் மறுப்பதில்லை. அதற்குப் பிறகு ஒரு கட்டுப்பாடு, நோட்டில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட வேண்டும்: ஒரு தொகைக்கு மேல், 1,000 என்றோ 2,000 என்றோ, சபைக்கானாலும் சொந்தக்காரருக்கானாலும் மற்றவரைக் கேட்காமல் வாக்குக் கொடுப்பதில்லை. "வீட்ல கேட்டுட்டுச் சொல்றேன்" என்பது ஆண்மைக்குக் குறைவு என்று நினைக்கிற ஊர் நம்முடையது. சபை மூப்பர் ஒருவர் இதை வெளிப்படையாகச் சொல்லத் தொடங்கினால் மற்றவர்களுக்கு வழி திறக்கும்.

தசமபாகத்தில் அடிக்கடி வரும் தகராறு, மொத்த வரவிலா செலவு போக மிச்சத்திலா என்பது. சம்பளக்காரர் வீட்டில் இதற்குப் பெரிய வித்தியாசம் இல்லை. விவசாயி வீட்டில் மருந்தும் உரமும் ஆள்கூலியும் போவதற்கு முந்தைய தொகையில் பத்தில் ஒன்று எடுத்தால், மகசூல் கெட்ட வருஷத்தில் கடன் வாங்கித்தான் காணிக்கை போட முடியும். செலவு போக வந்ததில் கொடுப்பதே சரி என்பது என் கருத்து. இருவரும் வேறு முடிவுக்கு வந்தாலும் சரி, ஒரே முடிவாக இருக்கட்டும்.

பேச்சு சத்தமாகிவிட்டால் அந்த வரியைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, பக்கத்தில் ஒரு தேதி எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போக வேண்டும். அன்றைக்கே முடிக்க வேண்டும் என்ற கட்டாயம் எதிலும் இல்லை. ஒரு வீட்டில் கை நீட்டும் பழக்கம் இருந்தால் மட்டும் இந்த முறை பொருந்தாது. அங்கே கணக்கு நோட்டு இன்னொரு அடிக்குக் காரணமாகும். அந்தப் பெண்ணுக்கு முதலில் தேவை பாதுகாப்பு. 181 என்ற மகளிர் உதவி எண் இருபத்துநாலு மணி நேரமும் இயங்குகிறது.

குழந்தைப் பேச்சுக்குத் தனி நாள்

பணமும் குழந்தையும் ஒரே நாளில் பேசினால் குழந்தை ஒரு செலவு வரியாகிவிடும். அதனால் குறைந்தது ஒரு வாரம் தள்ளி வைக்க வேண்டும். இந்த உட்காரலுக்கு முன்பு மனைவியின் ரத்த அளவு பார்த்திருப்பது நல்லது. கர்ப்பம் இல்லாதபோது ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. அதைச் சரிசெய்த பிறகே அடுத்த கர்ப்பம். ஒரு பிரசவத்துக்கும் அடுத்த கர்ப்பத்துக்கும் நடுவே குறைந்தது 24 மாதம் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. கருத்தரிக்கத் திட்டமிட்டால் முன்கூட்டியே தினம் 400 மைக்ரோகிராம் போலிக் அமில மாத்திரை தொடங்க வேண்டும்.

கருத்தடை விஷயத்தில் சபைகள் ஒன்றுபோல் போதிப்பதில்லை. 1968-ல் ஆறாம் பவுல் திருத்தந்தை எழுதிய சுற்றுமடல் முதல் கத்தோலிக்க நிலை தெளிவானது: இயற்கை முறை மட்டும். கத்தோலிக்கர்களுக்குத் திருமணத்துக்கு முந்தைய வகுப்பில் இது சொல்லப்படுகிறது, ஆனால் கல்யாண அவசரத்தில் யார் காதிலும் ஏறுவதில்லை. ஆங்கிலிக்கன் சபைகள் தங்கள் பேராயர்கள் கூடிய 1930 லாம்பெத் மாநாட்டிலேயே கருத்தடைக்கு வரம்போடு இடம் கொடுத்துவிட்டன, சி.எஸ்.ஐ., லுத்தரன் குடும்பங்களில் இது தம்பதியின் மனச்சாட்சிக்கு விடப்படுகிறது. பெந்தெகொஸ்தே சபைகளில் பாஸ்டருக்குப் பாஸ்டர் வேறுபடும்.

இயற்கை முறையில் போகிறவர்கள் அதைச் சரியாகக் கற்றுக்கொண்டு போக வேண்டும். நாள் எண்ணும் முறை, சுழற்சி 26 முதல் 32 நாளுக்குள் வருகிறவர்களுக்கு மட்டுமே: மாதவிலக்கு தொடங்கிய நாளை 1 என்று வைத்து, 8 முதல் 19 வரை விலகி இருக்க வேண்டும். ஒரு வருஷத்தில் இரண்டு முறை அந்த எல்லையைத் தாண்டினால் இந்த முறை சரிப்படாது. கசிவைக் கவனிக்கும் முறையில், கசிவு தொடங்கிய நாளிலிருந்தே விலகி, முட்டை வெள்ளைக்கரு போல வழுவழுப்பாக நீளும் கசிவின் கடைசி நாளைக் குறித்து, அதற்குப் பின்னும் மூன்று முழு நாள் விட வேண்டும். உடல் வெப்பத்தை அளக்கும் முறைக்கு, தொடர்ந்து மூன்று மணி நேரமாவது தூங்கி எழுந்து, தினமும் ஒரே நேரத்தில் அளக்க வேண்டும், ஏறுவது 0.2 டிகிரி செல்சியஸ் அளவுதான். ஓசூரில் ஷிப்டு மாறி மாறிப் போகும் பெண்ணுக்கு இது நடக்காத காரியம். அங்கே பலர் தோற்றுப்போய், முறையே பொய் என்று சொல்லிவிடுகிறார்கள். அவர்கள் கசிவு முறையை மட்டும் பயிற்சி பெற்றவரிடம் கற்றுக்கொள்வது நல்லது. எந்த முறையானாலும் விலகி இருக்கும் நாட்களைக் கணவனும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். காலண்டரில் குறி போடும் வேலை அவருடையதாக இருந்தால் "இன்னிக்கு வேணாம்" என்று சொல்லும் பாரம் அவள் மேல் மட்டும் விழாது. 1 கொரிந்தியர் 7:5 சொல்லும் பரஸ்பர சம்மதம் நடைமுறையில் இதுதான்.

தாய்ப்பால் கொடுக்கும் காலம் தானாகவே பாதுகாப்பு என்று நம்பிப் பலர் ஏமாறுகிறார்கள். குழந்தைக்கு ஆறு மாதம் ஆகாதிருக்க வேண்டும், மாதவிலக்கு திரும்பாதிருக்க வேண்டும், இரவும் பகலும் தாய்ப்பால் மட்டுமே கொடுக்க வேண்டும். மூன்றும் சேர்ந்திருந்தால் 98 சதவீதம் பாதுகாப்பு. நாலாம் மாதமே பாட்டி ராகிப் பால் காய்ச்சி ஊட்டத் தொடங்கிவிட்டால் மூன்றாவது நிபந்தனை போயிற்று, அதோடு பாதுகாப்பும் போயிற்று.

மற்ற முறைகளைத் தேர்ந்துகொள்பவர்கள் அரசு மருத்துவமனையிலேயே இலவசமாகப் பெறலாம். பிரசவமான 48 மணி நேரத்துக்குள் போடும் காப்பர்-டி இருக்கிறது. 380ஏ வகை 10 வருஷம் வரை பலன் தரும். ஆனால் அதைப் பிரசவத்துக்கு முன்பே பேசி முடிவெடுத்திருக்க வேண்டும். பிரசவ வார்டில் வலியோடு இருப்பவளிடம் கேட்டு வாங்கும் தலையாட்டல் சம்மதமாகாது. அந்தரா என்ற கருத்தடை ஊசி மூன்று மாதத்துக்கு ஒன்று. நிறுத்திய பிறகு கருத்தரிக்க 7 முதல் 10 மாதம் ஆகலாம் என்பதைச் சேர்த்துத் திட்டமிட வேண்டும். ஆண்களுக்கான தழும்பில்லாத கருத்தடை சில நிமிஷ வேலை. மூன்று மாதம் கழித்து விந்துப் பரிசோதனை செய்து உறுதியாகும்வரை வேறு பாதுகாப்பு தேவை. நம் பக்கத்தில் ஆண்கள் அந்தப் பக்கமே போவதில்லை, ஆபரேஷன் என்றால் பெண்ணுக்குத்தான் என்று வைத்துக்கொண்டார்கள். அதை மாற்ற கிறிஸ்தவக் கணவன்மார் முன்வரலாம்.

ஒன்றை மட்டும் பூசி மெழுகாமல் சொல்ல வேண்டும். பெண் சிசுக்கொலையைத் தடுக்க 1992-ல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டத்தைப் பிறகு தர்மபுரிக்கும் கொண்டுவர வேண்டிய நிலை ஏன் வந்தது என்று இந்த மண்ணில் எல்லோருக்கும் தெரியும். கிறிஸ்தவ வீடுகள் அதற்கு வெளியே நின்றுவிடவில்லை. "எத்தனை பிள்ளை" என்று கேட்டால் "கர்த்தர் கொடுக்கிறது" என்பார்கள். உள்ளுக்குள் "பையன் வரும்வரை" என்ற திட்டம் எழுதப்படாமல் இருக்கும். அதனால் எண்ணிக்கையை முதல் குழந்தைக்கு முன்பே நோட்டில் எழுதுங்கள். இரண்டும் பெண்ணாகப் பிறந்தால் என்ன செய்வோம் என்ற கேள்வியையும் அன்றே பேசுங்கள். மாமியார் பிறகு ஜாடை பேசும்போது பதில் சொல்ல வேண்டியவர் மகன்தான், மருமகள் இல்லை என்பதும் அந்தப் பக்கத்தில் இருக்கட்டும்.

தேதி தவறினால் திரும்பாதவை

சில முடிவுகளை அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று தள்ள முடியாது. கர்ப்பம் உறுதியானதும் 12 வாரத்துக்குள் கிராம சுகாதார செவிலியரிடம் பதிவு செய்து பிக்மி எண் என்ற கர்ப்பப் பதிவு எண் வாங்கினால்தான் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவி, முதல் இரண்டு பிரசவத்துக்கு 18,000 ரூபாய் மதிப்பில், தடையில்லாமல் வரும். மகளுக்கு 10 வயது முடிவதற்குள் செல்வமகள் சேமிப்புக் கணக்கு தொடங்க வேண்டும். வருஷத்துக்கு 250 ரூபாயில்கூடத் தொடங்கலாம். முதலமைச்சரின் பெண் குழந்தை பாதுகாப்புத் திட்டத்துக்குப் பெற்றோரில் ஒருவர் கருத்தடை அறுவை செய்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. கத்தோலிக்கத் தம்பதிகள் அதை அறிந்தே முடிவெடுக்க வேண்டும்.

பள்ளிக்கூடத்தில் அந்தத் தேதி ஐந்தாம் வகுப்பு முடியும் மே மாதம். மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு, 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு. நம் சபைகள் நடத்தும் அரசு உதவிபெறும் பள்ளி அதில் சேராது. கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கான புதுமைப்பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாய் உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்த மாணவிகளுக்கும் உண்டு. கோவில் பள்ளியா, அரசுப் பள்ளியா, கடன் வாங்கி மெட்ரிக் பள்ளியா என்பதைக் கௌரவம் பார்த்து முடிவு செய்யாமல் இந்த விவரங்களோடு முடிவு செய்யலாம்.

வருஷத்துக்கு மூன்று இலக்கு போதும். ஒவ்வொன்றுக்கும் தொகை, மாதம், யார் செய்வது என்ற மூன்றும் எழுதப்பட வேண்டும். "சிக்கனமா இருக்கணும்" என்பது இலக்காகாது. "நவம்பருக்குள் மூணு வட்டிக் கடன் அடைய வேண்டும், பேங்குக்குப் போவது மனைவி, கடன்காரரிடம் பத்திரம் வாங்குவது கணவன்" என்பது இலக்கு. மாதத்தின் முதல் ஞாயிறு, பல சபைகளில் திருவிருந்து நாள், மதியம் இருபது நிமிஷம் நோட்டைத் திறந்தால் போதும். இரண்டு மாதம் தொடர்ந்து திறக்காவிட்டால் இலக்கு பெரிதாகிவிட்டது என்று பொருள், மூன்றை ஒன்றாக்குங்கள்.

கடைசிப் பக்கம், இருவரில் ஒருவர் இல்லாமல் போனால். பி.எஃப்., எல்.ஐ.சி., வங்கிக் கணக்கு எல்லாவற்றிலும் நாமினி பெயரைப் பாருங்கள். கல்யாணத்துக்கு முன்பு போட்ட அம்மா பெயரே பாதி இடத்தில் இருக்கும், பி.எஃப்.பில் குடும்பம் உண்டான பிறகு பழைய நியமனம் செல்லாது, புதிதாகப் பதிய வேண்டும். சொத்து விஷயத்தில் கிறிஸ்தவர்களுக்கு 1925-ம் வருஷத்து இந்திய வாரிசுரிமைச் சட்டம். உயில் எழுதாமல் கணவன் இறந்தால் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி இரண்டு பங்கு மகன், மகள் எல்லோருக்கும் சமமாக. பிள்ளைகள் இருந்தால் பெற்ற தாய் தகப்பனுக்குப் பங்கு இல்லை. பிள்ளையே இல்லாவிட்டால் மனைவிக்குப் பாதிதான், மறுபாதி அவருடைய பெற்றோர், உடன்பிறந்தோர் பக்கம் போகும். வீடு முழுவதும் மனைவிக்கு வரும் என்று நம்பி இருக்கும் குடும்பங்களும், வயதான அம்மாவுக்குத் தானாகப் பங்கு போகும் என்று நம்பும் மகன்களும் நம் சபைகளில் நிறைய. வேறு விதமாக வேண்டும் என்றால் உயில் எழுத வேண்டும். வெள்ளைத் தாளில் எழுதினாலும் செல்லும், பதிவு கட்டாயம் இல்லை, செய்தால் நல்லது. இரண்டு சாட்சிகள் முன்னிலையில் கையெழுத்துப் போட வேண்டும். சொத்தில் பங்கு பெறுபவரையோ அவருடைய கணவன் மனைவியையோ சாட்சியாகப் போட்டால் அவருக்கு எழுதியது செல்லாமல் போகும்.